பாடசாலை மைதானத்தில் முழு அளவு எஸ்ஆர்-71: கோடு போடும் முறை

எஸ்ஆர்-71 பிளாக்பேர்ட் வேவு விமானங்கள் ஓய்வுபெற்று இப்போது அருங்காட்சியகங்களில் நிற்கின்றன. கலிபோர்னியாவின் பாம்டேல் நகரில் திறந்த வெளியிலேயே ஒன்றைச் சுற்றி நடந்து பார்க்கலாம். இலங்கையின் வடக்கே, வன்னிப் பிள்ளைகளுக்கு அந்தப் பயணம் தூரம். ஆனால் அதன் உருவத்தை முழு அளவில் மைதானத்தில் வரைந்து, அதற்குள் அவர்களை நடக்க விடலாம். நீளம் 32.74 மீ., செட்டை முனையிலிருந்து முனை வரை 16.94 மீ. இல்ல விளையாட்டுப் போட்டிக்குத் தடம் போட்டுப் பழகிய நாலு பேர் இருந்தால் ஒரு காலைப்பொழுது போதும்.

40 மீ. நீளம், 22 மீ. அகலம் தட்டையான நிலம் வேண்டும். முளை அடிக்கப் போகிறோம், நிலத்தில் போர்க்கால வெடிபொருள் மிஞ்சியிருக்கலாம் என்பதால், பிள்ளைகள் நாளாந்தம் ஓடியாடும் நடு மைதானத்தை விட்டு வெளியே போகவே வேண்டாம். அளவுநாடாவைப் பிடிக்கிறேன் என்று ஓரப் பற்றைக்குள் இறங்கவும் கூடாது. சந்தேகமான இரும்பு ஏதும் தெரிந்தால் தொடாமல், வந்த வழியே திரும்பிப் பொலிஸுக்கு அறிவியுங்கள். மாசி, பங்குனிக் காலைகள் நல்லவை. சோளகம் எழும்பிவிட்டால் தூள் கோட்டில் நிற்காது.

அடுத்தது படம். மேலிருந்து பார்க்கும் தோற்றத்தை 1:100 அளவில் ஏ3 தாளில் அச்செடுங்கள். அப்போது தாளில் 1 செ.மீ. நிலத்தில் 1 மீ. ஆகும், கணக்குப் பிசகாது. அச்சுக் கடையில் தாளுக்குப் பொருந்தும்படி படத்தைச் சுருக்கிவிடுவார்கள். ஆகவே அடிமட்டம் வைத்துப் பாருங்கள்: நீளம் 32.7 செ.மீ., அகலம் 16.9 செ.மீ. இருக்க வேண்டும். நீளத்தை அகலத்தால் வகுத்தால் 1.93 வரவேண்டும். 1.83 அளவில் வந்தால் கையில் இருப்பது அதற்கு முந்திய ஏ-12 விமானத்தின் படம்.

மைதானத்தில் முதலில் நடுக்கோடு. மூக்கு நுனியில் ஒரு முளை, வால் முனையில் ஒரு முளை, இடையே இறுக்கிய நைலோன் கயிறு. கயிறு இழுபடும், அதனால் அதை வைத்து அளக்காதீர்கள். அளப்பது நாடாவால் மட்டும். 30 மீ. நாடா இந்த விமானத்துக்குக் கட்டை. 20 மீட்டரில் ஒரு முளை அடித்து, அங்கிருந்து மிச்சம் 12.74 மீட்டரை அளவுங்கள். நாடாவின் கொக்கியிலிருந்து அளப்பதா, பூச்சியக் கோட்டிலிருந்தா என்று தொடங்கும்போதே தீர்மானியுங்கள். ஆள் மாறும்போது பிழை வருவது இந்த இடத்தில்தான்.

நடுக்கோட்டில் மீட்டருக்கு ஒரு புள்ளி வையுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் உடலின் அரை அகலத்தைத் தாளில் அளந்து, நிலத்தில் இரு பக்கமும் குறியுங்கள். இயந்திரக் கூடும் செட்டை முனையும் வரும் பகுதியில் அரை மீட்டருக்கு ஒன்று வேண்டும். மூக்குப் பக்கம் செங்கோணத்தைக் கண்மட்டத்தில் பிடித்தாலும் பாதகமில்லை. செட்டை முனையில் அது சரிவராது: 8.47 மீ. தூரத்தில் 1 பாகை சரிந்தால் முனை 15 செ.மீ. விலகும். அங்கே 3, 4, 5 மீட்டர் முக்கோணம் போட்டே செங்கோணம் எடுங்கள். முடிந்ததும் மூக்கு நுனியிலிருந்து இரண்டு செட்டை முனைக்கும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 5 செ.மீட்டருக்கு மேல் என்றால் தூள் போடாமல் திருத்துங்கள்.

புள்ளிகளை இணைக்க அரை அங்குல பிவிசி குழாய் நல்லது, தானே சீராக வளையும். தண்ணீர் ஹோஸ் மடிந்து கோணலாக்கும்.

தூளுக்கு, தென்னைக்குப் போடும் டொலமைட்டையே நாங்கள் சொல்வோம். நீறாத சுண்ணாம்பு தோலையும் கண்ணையும் சுடும், பிள்ளைகள் நிற்கும் இடத்துக்கு அது ஆகாது. 25 கிலோப் பை ஒன்று போதும். ஈரமாயிருந்தால் கட்டிபடும், வெயிலில் காயவைத்து அரியுங்கள். பால்மா ரின்னின் அடியில் ஆணியால் 3 மி.மீ. துளைகள் போட்டு, தட்டித் தட்டி நடந்தால் கோடு விழும். முல்லைத்தீவுக் கரையோரத்து வெண்மணலில் வெள்ளைக் கோடு தெரியாது. அங்கே ஆலையில் உமிக்கரி வாங்குங்கள்.

உள்ளே குறிக்க வேண்டியவை உண்டு. முன்காலில் 2 சில்லு, பின்கால் ஒவ்வொன்றிலும் 3, மொத்தம் 8. முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே 11.53 மீ., பின்கால்கள் இரண்டுக்கும் இடையே 5.08 மீ. இயந்திரத்தின் முன்னுள்ள கூம்பு, வேகம் கூடக் கூட 66 செ.மீ. வரை பின்னே போகும். அந்தத் தூரத்தைத் தனிக் கோடாகப் போட்டுக் காட்டுங்கள், பிள்ளைகள் கேட்பார்கள். கமராக்கள் உடலின் இரு ஓரமும் நீளும் தட்டையான விளிம்புக்குள் இருந்தன. விமானிக்கும் அவருக்குப் பின்னால் கருவிகளை இயக்கியவருக்கும் ஒவ்வொரு வட்டம். அந்த வட்டத்தில் நிற்கும் பிள்ளைக்கு வேகத்தையும் சொல்லுங்கள்: 1976இல் பதிவான சாதனை மணிக்கு சுமார் 3,530 கி.மீ. வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 70 கி.மீ., அந்த வேகத்தில் ஒரு நிமிடமும் கொஞ்சமும்.

வன்னியில் வேவு விமானம் என்பது படத்தில் மட்டும் பார்த்த பொருளல்ல. போர்க்காலத்தில் தலைக்கு மேல் இரைந்துகொண்டு நின்ற, சனம் ‘வண்டு’ என்று சொன்ன ஆளில்லா வேவு விமானத்தை மறக்காத பெற்றோர் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். என்ன வரையப்போகிறோம் என்பதை அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒலிபெருக்கியில் விமானச் சத்தம் போடவே வேண்டாம்.

முழு உருவமும் மாடிக் கட்டடத்திலிருந்து பார்த்தால்தான் பிடிபடும், படமும் அங்கிருந்தே எடுங்கள். கோட்டை மழை கழுவிவிடும். முளைகளை அடிக்கும்போதே எண்ணி வைத்து, அதே எண்ணிக்கையில் பிடுங்கி, குழிகளை மூடிவிடுங்கள்.