சமையல் சோடாவையும் வினிகரையும் அளந்து கலக்கும் முறை

சமையல் சோடாவில் வினிகரை ஊற்றினால் நுரை பொங்கும் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். எவ்வளவு பொங்கும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்லலாம் என்பதையும் அவர்களுக்குக் காட்ட வேண்டும். பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்துத் தமிழ்வழி வகுப்புகளிலும் வீடுகளிலும் எளிதாகச் செய்யக்கூடிய சோதனை இது.

பாலக்காட்டு மளிகைக் கடைகளில் அப்பக்காரம் என்று கேட்டால் சமையல் சோடா கிடைக்கும். அலக்குகாரம் என்பது துணி துவைக்கும் சோடியம் கார்பனேட். அதற்கு இக்கணக்கு பொருந்தாது என்பதோடு, கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். பேக்கிங் பவுடரில் உலர்ந்த அமிலமும் மாவும் முன்பே கலந்திருப்பதால் அதுவும் வேண்டாம். கள்ளிலிருந்து எடுத்த வினிகர் ஊறுகாய்க்கு அருமையானதுதான், ஆனால் அதன் புளிப்பு முறைக்கு முறை மாறும். ஆகவே அமிலத்தின் விழுக்காடு அச்சிட்ட புட்டியையே வாங்குங்கள்.

வினிகரில் இருக்கும் அமிலம் அசிட்டிக் அமிலம். அது 60 கிராம் இருந்தால் 84 கிராம் சோடா சரியாகப் போதும். 4 விழுக்காடு வினிகர் 50 மி.லி. எடுத்தால் அதில் ஏறத்தாழ 2 கிராம் அமிலம் இருக்கும், அதற்கு 2.8 கிராம் சோடா, அதாவது தலைதட்டிய அரைத் தேக்கரண்டிக்குச் சற்று அதிகம், தேவை.

வினிகரை அரை லிட்டர் புட்டியில் ஊற்றுங்கள். சோடாவை ஈரமில்லாத பலூனுக்குள் காகிதக் கூம்பு வழியாகப் போட்டு, அதன் வாயைப் புட்டியின் கழுத்தில் இறுக மாட்டியபின், பலூனை நிமிர்த்திக் கொட்டுங்கள். மூடி போட்டு அடைத்த புட்டியில் இதை ஒருபோதும் செய்யக் கூடாது. வாயுவின் அழுத்தத்தால் புட்டி வெடிக்கும். முக்கால் லிட்டரை ஒட்டிய வாயு சேரும். பலூன் உருண்டையாக இருந்தால், நூலால் சுற்றி அளக்கும்போது சுற்றளவு சுமார் 35 செ.மீ. வரும்.

அமிலம் தன் ஹைட்ரஜன் அயனியைச் சோடாவிலுள்ள பைகார்பனேட்டுக்குக் கொடுக்க, அதனால் உண்டாகும் கார்பானிக் அமிலம் உடனே நீராகவும் கார்பன் டைஆக்சைடாகவும் பிரிகிறது; சோடியம் அசிட்டேட் என்னும் உப்பு கரைசலில் தங்குகிறது. இவ்வினை வெப்பத்தை உள்வாங்குவதால் புட்டியைத் தொட்டால் குளிர்ந்திருக்கும்.

இனிச் சோடாவை இரட்டித்துப் பாருங்கள். பலூன் பெரிதாகாது, ஏனெனில் அமிலம் தீர்ந்துவிட்டது. சோடாவைப் பாதியாக்கினால் வாயுவும் ஏறத்தாழப் பாதியாகும். எது மிஞ்சியது என்பதைச் செம்பருத்தி இதழை வெந்நீரில் ஊறவைத்த சாறு காட்டிக்கொடுக்கும்: அமிலம் மிஞ்சினால் சிவக்கும், சோடா மிஞ்சினால் நீலமோ பச்சையோ தோன்றும். கரைந்திருக்கும் வாயுவும் சிறிது அமிலத்தன்மை உடையது. எனவே பலூனைக் கழற்றி, கரைசலை நன்றாகக் குலுக்கி வாயுவைப் போக்கிய பின்பே சாற்றை விட வேண்டும். இந்தச் சோதனையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கண்ணுக்குத் தெரியாத மிச்சத்தை நிறம் சொல்லிவிடுகிறது.

இரண்டையும் கலந்து பாத்திரம் கழுவச் சொல்லும் குறிப்புகளை இக்கணக்கைக் கொண்டே சோதிக்கலாம். அளவு சரியாக இருந்தால் நுரை அடங்கியபின் மிஞ்சுவது சோடியம் அசிட்டேட் கரைந்த நீர் மட்டுமே. அது எண்ணெய்ப் பிசுக்கையும் நீக்காது, உப்புக்கறையையும் கரைக்காது. ஆழ்குழாய்க் கிணற்று நீரால் கெட்டிலில் படியும் வெள்ளைக் கறைக்கு வினிகரை மட்டும் ஊற்றி ஊறவிடுங்கள். பிசுக்குப் பிடித்த வாணலியைச் சோடாவால் மட்டும் தேய்த்துக் கழுவுங்கள்.