பிரிட்டன் பொதுத்தேர்தல் முடிவுகளைச் சென்னையிலிருந்து பின்தொடர்வது எப்படி

ராணி மேரி கல்லூரியிலோ லயோலாவிலோ வாக்கு எண்ணும் நாள் நமக்குப் பழகிப்போனது. காலை எட்டு மணிக்குத் தபால் வாக்கு, பிறகு முதல் சுற்று, இரண்டாம் சுற்று, முன்னிலை, பின்னடைவு என்று செய்தி ஓடிக்கொண்டே இருக்கும். அதே பழக்கத்தோடு பிரிட்டன் முடிவுகளைப் பார்க்க உட்கார்ந்தால் முதல் மூன்று மணி நேரமும் குழப்பம்தான். அங்கே சுற்றும் கிடையாது, முன்னிலையும் கிடையாது. ஒரு தொகுதியின் வாக்குகளை முழுக்க எண்ணி முடித்த பிறகு ஒரே அறிவிப்பாக முடிவு வரும். அதுவரை எந்த வேட்பாளருக்கு எத்தனை வாக்கு என்று ஒரு எண்கூட அதிகாரபூர்வமாக வெளியே வராது.

ஆகவே திரையின் ஓரத்தில் ஓடும் கட்சி வாரியான எண்ணிக்கையை அதிகாலையில் நம்பவே கூடாது. எந்த ஊர் சீக்கிரம் எண்ணி முடித்தது என்பதற்கு மேல் அதில் பெரிதாக எதுவும் இல்லை. பார்க்க வேண்டியது, அறிவிக்கப்பட்ட ஒவ்வொரு தொகுதியிலும் போன தேர்தலோடு ஒப்பிட்டால் கட்சிகளின் வாக்கு சதவீதம் எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்பது. ஐந்தே தொகுதிகள் வந்திருந்தாலும் அந்த ஏற்ற இறக்கம் நிறையச் சொல்லிவிடும்.

நேரக் கணக்கு

வழக்கமாக வியாழக்கிழமைதான் தேர்தல். வாக்குப்பதிவு காலை 7 முதல் இரவு 10 வரை. கோடையில் நடந்தால் பிரிட்டன் நேரத்தோடு நான்கரை மணி நேரம் கூட்டுங்கள், குளிர்காலத்தில் ஐந்தரை. 2024 ஜூலை 4 தேர்தலில் வாக்குப்பதிவு முடிந்தபோது நமக்கு வெள்ளி அதிகாலை 2.30. 2019 டிசம்பர் 12 தேர்தலில் அதுவே 3.30. அடுத்த பொதுத்தேர்தல் 2029 ஆகஸ்ட் 15-க்குள் நடந்தாக வேண்டும்.

கோடைக் கணக்கில் சென்னை நேரம் ஏறத்தாழ இப்படிப் போகும். 2.30-க்கு எக்ஸிட் போல். 3.45 வாக்கில் முதல் தொகுதி. அதன் பிறகு 5.30 வரை விரல்விட்டு எண்ணக்கூடிய முடிவுகள்தான் வரும். 7 மணியிலிருந்து 10 மணி வரை வெள்ளமாகக் கொட்டும். விடியவிடிய விழித்திருக்க முடியாதவர்கள் 2.15-க்கு அலாரம் வைத்து எக்ஸிட் போலைப் பார்த்துவிட்டுத் தூங்கி, 6.30-க்கு மீண்டும் எழுந்தால் பெரிதாக எதையும் இழக்க மாட்டார்கள். 2024-இல் தொழிற்கட்சி பெரும்பான்மையைத் தாண்டியது நம் காலை 9.30 வாக்கில், கிண்டிக்கோ ஓஎம்ஆருக்கோ வேலைக்குப் போகிறவர்கள் வழியில் போனில் பார்த்துக்கொள்ளும் நேரம். தோற்ற பிரதமர் ராஜினாமா செய்து, புதியவர் அரண்மனைக்குப் போய், பிரதமர் இல்லம் இருக்கும் டவுனிங் தெருவில் பேசுவது அதே வெள்ளிக்கிழமை நம் மாலை 5 மணியளவில் முடிந்துவிட்டது. ஆட்சி மாற்றத்துக்கு அங்கே ஒரு வாரம் எடுப்பதில்லை. தொங்கு நாடாளுமன்றம் வந்தால் மட்டுமே இழுக்கும்.

எக்ஸிட் போலை எப்படி எடுத்துக்கொள்வது

நம் ஊரில் ஒவ்வொரு சேனலும் தனித்தனியாக ஒன்று வெளியிடும். அங்கே பிபிசி, ஐடிவி, ஸ்கை மூன்றும் சேர்ந்து ஒன்றே ஒன்றுதான் நடத்துகின்றன. களப்பணி இப்ஸாஸ் நிறுவனத்துடையது. கணக்குப் போடும் பேராசிரியர் குழுவுக்குத் தலைவர் ஜான் கர்ட்டிஸ். முடிந்தவரை போன தேர்தலில் போன அதே வாக்குச்சாவடிகளுக்கே போவார்கள். வாக்களித்துவிட்டு வெளியே வருகிறவரிடம் மாதிரி வாக்குச்சீட்டைக் கொடுத்து, இன்னொரு முறை ரகசியமாகக் குறித்துப் பெட்டியில் போடச் சொல்வார்கள். ஒரே சாவடியில் போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் உள்ள வித்தியாசத்தை அளப்பதுதான் இதன் பலம்.

2024-இல் தொழிற்கட்சிக்கு 410 என்றார்கள், வந்தது 411. கன்சர்வேட்டிவுக்கு 131 என்றார்கள், வந்தது 121. லிபரல் டெமாக்ரட்டுக்கு 61, வந்தது 72. ரிஃபார்ம் யூகேவுக்கு 13, வந்தது 5. இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: ஆட்சி யாருக்கு என்பதை நம்பலாம், சிறிய கட்சிகளின் எண்ணை பென்சிலால் மட்டும் எழுதிவைக்க வேண்டும். வாக்கு பரவலாக இருந்து பல இடங்களில் இரண்டாம் இடத்தில் நிற்கும் கட்சிக்குச் சின்ன மாற்றமும் இடங்களில் பெரிய வித்தியாசமாகிவிடும். முடிவு நெருக்கமாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. 2015-இல் கன்சர்வேட்டிவுக்கு 316 என்று கணித்தார்கள், 331 வந்து தனிப்பெரும்பான்மையே கிடைத்துவிட்டது. வட அயர்லாந்தின் 18 தொகுதிகளில் இந்தக் கணிப்பு நடப்பதில்லை.

எண்ணும் கூடத்தில் என்ன நடக்கிறது

இயந்திரம் இல்லை, காகிதச் சீட்டுதான், கையால் எண்ணுகிறார்கள். ஒரு தொகுதியில் சராசரியாக எழுபதாயிரத்துச் சொச்சம் வாக்காளர்கள்தான் என்பதால் அது ஒரே இரவில் சாத்தியமாகிறது. 2024-இல் சென்னையின் நாடாளுமன்றத் தொகுதி ஒவ்வொன்றும் பத்து லட்சம் வாக்காளர்களைத் தாண்டியது. முதல் கட்டம் சரிபார்ப்பு: பெட்டியில் உள்ள சீட்டுகளும் சாவடியில் கொடுத்த சீட்டுகளும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. பிறகுதான் வேட்பாளர் வாரியாகப் பிரித்துக் கட்டுக் கட்டாக அடுக்குவார்கள். சரிபார்ப்பின்போதே கட்சி முகவர்கள் மேஜைக்கு எதிரே நின்று, கண்ணில் படும் சீட்டுகளைக் கோடு போட்டுக் குறித்துக்கொள்வார்கள். செய்தியாளர்கள் "இன்னார் சிரமத்தில் இருப்பதாகத் தெரிகிறது" என்று சொல்வதற்கு இதுவே மூலம். ஒரு வார்டின் பெட்டியை மட்டும் பார்த்துச் சொன்ன கணக்காகவும் அது இருக்கலாம். ஒரு காதால் மட்டும் கேளுங்கள்.

வேட்பாளர்கள் மேடையேறிவிட்டார்கள் என்றால் சில நிமிடங்களில் அறிவிப்பு. அவர்களுக்கும் முகவர்களுக்கும் எண்கள் அதற்கு முன்பே தெரியும், மறு எண்ணிக்கை கேட்கும் வாய்ப்பும் அப்போதுதான். அதனால் முகங்களைப் பாருங்கள். தேர்தல் அதிகாரி பெயர்களை அகர வரிசையில்தான் வாசிப்பார், வாக்கு வரிசையில் அல்ல. ஒவ்வொரு பெயராக எழுதிக்கொண்டே போனால்தான் பிடிபடும். வாக்குப்பதிவு அறுபது சதவீதம் என்றால் மொத்தம் நாற்பதாயிரத்துச் சொச்சம் வாக்குகள். இருபதாயிரத்தை யாராவது தாண்டினால் அநேகமாக அவர்தான். ஆனால் ஓட்டு நாலாபக்கமும் சிதறும் தொகுதிகளில் இந்தக் குறுக்குவழி உதவாது. 2024-இல் முன்னாள் பிரதமர் லிஸ் ட்ரஸ் தோற்ற தென்மேற்கு நார்ஃபோக்கில் ஜெயித்தவர் வாங்கியதே 26.7 சதவீதம்தான்.

டெபாசிட் கணக்கும் வேறு. அங்கே 500 பவுண்ட் கட்டி, ஐந்து சதவீதத்துக்கு மேல் வாங்கினால் திரும்பக் கிடைக்கும். நம் ஆறில் ஒரு பங்குக் கணக்கை அங்கே போட்டுவிடாதீர்கள்.

தாளைத் தயார் செய்தல்

முதல் நாள் இரவே கூகுள் ஷீட்டிலோ நோட்டிலோ பதினைந்து இருபது தொகுதிகளை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் போன தடவை ஐந்து பெரிய கட்சிகளின் சதவீதம், வாக்கு வித்தியாசம், பக்கத்தில் இந்தத் தடவைக்குக் காலியாக ஒரு கட்டம். ஸ்விங் என்பது ஒரு கட்சியின் ஏற்றத்தையும் இன்னொன்றின் இறக்கத்தையும் கூட்டி இரண்டால் வகுப்பது. 2019-இலிருந்து 2024-க்குக் கன்சர்வேட்டிவ் 43.6-இலிருந்து 23.7-க்கு இறங்கியது, தொழிற்கட்சி 32.1-இலிருந்து 33.7-க்கு ஏறியது. 19.9-ம் 1.6-ம் சேர்ந்தால் 21.5, பாதி ஏறத்தாழ 10.8. இந்த எண்ணை மட்டும் கேட்டால் மக்கள் அலையலையாகத் தொழிற்கட்சிக்கு மாறியதாகத் தோன்றும். அந்தக் கட்சி ஏறியது 1.6 புள்ளிதான், மீதி முழுக்க எதிரியின் சரிவு. ஸ்விங்கை மட்டும் எழுதாமல் எல்லாக் கட்சிகளின் சதவீதத்தையும் எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

எந்தத் தொகுதிகளை எடுப்பது? 2024-இல் முதலில் வந்தது ஹௌட்டன் அண்ட் சண்டர்லண்ட் சௌத். அது தொழிற்கட்சியின் கோட்டை, ஜெயித்தது யார் என்பதில் செய்தி இல்லை. ரிஃபார்ம் யூகே கன்சர்வேட்டிவை மூன்றாம் இடத்துக்குத் தள்ளியதுதான் செய்தி. அடுத்து, நூலிழையில் முடிந்தவை: ஹெண்டன் 15 வாக்கு, பூல் 18, பாசில்டன் அண்ட் பில்லரிக்கே 20. போன தடவை நாட்டுக்கு எதிர்த்திசையில் போன லெஸ்டர் ஈஸ்ட்டையும் சேருங்கள். அந்தத் தேர்தலில் கன்சர்வேட்டிவ் புதிதாகக் கைப்பற்றிய ஒரே தொகுதி அது. ரிஃபார்முக்குக் கிளாக்டன், பசுமைக் கட்சிக்குப் பிரிஸ்டல் சென்ட்ரல். தமிழர்களின் ஆர்வத்துக்கு, ஈழத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த உமா குமரன் 2024-இல் ஜெயித்த ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ. ஸ்காட்லாந்திலிருந்து மூன்று நான்கு தொகுதிகள் கட்டாயம் வேண்டும், அங்கே போட்டியே வேறு.

தவறு நடக்கும் இடங்கள்

மொத்தம் 650 இடங்கள்: இங்கிலாந்து 543, ஸ்காட்லாந்து 57, வேல்ஸ் 32, வட அயர்லாந்து 18. தனிப்பெரும்பான்மைக்கு 326. சபாநாயகர் வாக்களிப்பதில்லை, வட அயர்லாந்தின் சின் ஃபெயின் கட்சி உறுப்பினர்கள் அவைக்கே போவதில்லை என்பதால் நடைமுறையில் 320-ஐ ஒட்டியே போதும். "பெரும்பான்மை 80" என்று அறிவிப்பாளர் சொன்னால் 326-க்கு மேல் 80 என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். மற்ற எல்லாரையும் சேர்த்ததைவிட 80 அதிகம் என்று பொருள். 2019-இல் 365-இலிருந்து மற்றவர்களின் 285-ஐக் கழித்தால் வந்த எண் அது.

வரைபடமும் ஏமாற்றும். லண்டனின் இருபது தொகுதிகள் ஒரு விரல் நுனிக்குள் அடங்கிவிடும், ஸ்காட்லாந்து மலைப்பகுதியின் ஒரே தொகுதி பாதித் திரையை நிரப்பும். ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரே அளவு அறுகோணம் வைத்த வரைபடம் பிபிசி தளத்தில் இருக்கும், அதைத் திறந்துவையுங்கள்.

எதில் பார்ப்பது என்பது சுலபம். பிபிசி ஐபிளேயர் இங்கே திறக்காது. ஸ்கை நியூஸ் யூடியூப் நேரலை திறக்கும், பிபிசி தளத்தின் நேரலைப் பக்கமும் தொகுதிப் பக்கங்களும் திறக்கும். படம் ஒன்றில், எண்கள் இன்னொன்றில் என்று இரண்டு திரை வைத்துக்கொள்வது நல்லது. படம் அரை நிமிடம் பின்தங்கி வரலாம், தளத்தில் எண் முந்திக்கொள்ளும்.

வெள்ளி மதியத்தோடு தாளை மூடிவிட வேண்டாம். 2024-இல் இன்வர்னஸ், ஸ்கை அண்ட் வெஸ்ட் ராஸ்-ஷயர் தொகுதியின் முடிவு மறு எண்ணிக்கையால் சனிக்கிழமைதான் வந்தது. அதன் பிறகு பிரிட்டன் கீழவையின் நூலகம் எல்லாத் தொகுதிகளின் எண்களையும் ஒரே கோப்பாக இலவசமாக வெளியிடும். இரவில் அவசரமாக எழுதியதை அதோடு ஒப்பிட்டுத் திருத்தி வைத்தால் அடுத்த தேர்தலுக்கான தாளில் பாதி அப்போதே தயார்.