பழைய பைபர் படகைத் தரகர் மூலம் விற்கிறவர்கள் செய்யும் தவறுகள்

கூட்டப்புளியிலிருந்து கூடுதாழை வரையுள்ள திருநெல்வேலிக் கடற்கரையில் பழைய பைபர் படகுகளையும், படகின் பின்னால் வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சின்களையும் கைமாற்றிவிடும் தரகுத் தொழிலில் இருக்கிறேன். முதல் முறையாகப் படகு விற்கிறவர்கள், அவர்களுடைய அப்பாக்கள் செய்த அதே தவறுகளை இந்தப் பருவத்திலும் செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதால் இதை எழுதுகிறேன். படகைக் கழுவி வையுங்கள், வலையும் ஐஸ் பெட்டியும் விலையில் சேர்ந்தவையா என்பதை முதலிலேயே சொல்லுங்கள் என்பவையெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெயர் மாறும் முன்பே படகை ஒப்படைப்பது

எனக்கு இன்றுவரை எரிச்சல் தரும் தவறு இதுதான். முன்பணம் வாங்கியாகிவிட்டது, முத்திரைத்தாளில் இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, மீதிப் பணம் தவணையாக வரும் என்று பேசியாகிவிட்டது, வாங்கியவரும் படகைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்; ஆனால் பதிவுச் சான்றிதழில் பழைய பெயரே இருக்கிறது. இதைத்தான் எங்கள் பக்கத்தில் பலர் விற்பனை என்கிறார்கள். மீன்வளத்துறையின் கணக்கில் அங்கே எதுவுமே விற்கப்படவில்லை.

தமிழ்நாடு கடல்சார் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் வந்தது. அதன்படி மீன்பிடிப் படகுக்குப் பதிவும் உரிமமும் வேண்டும். அந்தப் பதிவு இப்போது ரியல்கிராஃப்ட் என்னும் மத்திய அரசின் இணையதளத்தில் ஏறுகிறது. படகின் முன்பக்கமான அணியத்தில் எழுதியிருக்கும் எண்ணை அதில் தேடினால் யார் பெயர் வருகிறதோ, தமிழகக் காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கும் இந்தியக் கடலோரக் காவல் படைக்கும் சுங்கத்துறைக்கும் அவர்தான் உரிமையாளர். முத்திரைத்தாள் உங்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது; நடுக்கடலில் அதை யாரும் எடுத்துப் படிக்கப் போவதில்லை.

உறவுமுறையில் எனக்கு மாமா ஆகும் ஒருவர், பல ஆண்டுகள் ஓட்டிய முப்பதடிப் படகை, வடக்கேயிருந்து வந்த ஓர் இளைஞருக்கு விற்றார். தரகு பேசியது வேறோர் ஆள். இருந்தாலும் மனம் கேட்காமல், பெயரை மாற்றிவிட்டுப் படகைக் கொடுங்கள் என்று கரையில் வைத்தே சொன்னேன். “நம்ம பிள்ளை மாதிரி பையன், மருமகனே. பேரை மாத்தாம எங்க போயிருவான்?” என்றார். அப்போது பேசிய விலையில் பாதிதான் அவர் கைக்கு வந்திருந்தது. சில மாதங்களில் அந்தப் படகு பீடி இலை மூட்டைகளோடு பிடிபட்டது. மன்னார் வளைகுடா வழியாக இலங்கைக்குப் பீடி இலையும் மஞ்சளும் கடத்தப்படுவது செய்தித்தாள் படிக்கிற எவரும் அறிந்ததே. படகின் அணியத்தில் மாமாவின் மூத்த மகளுடைய பெயர் நீல வர்ணத்தில் அப்படியே இருந்ததாம். வாங்கியவர் அதைச் சுரண்டக்கூட மெனக்கெடவில்லை. அதற்குக் கீழேயிருந்த எண்ணைக் குறித்துக்கொண்டு அதிகாரிகள் வந்து நின்றது மாமாவின் வாசலில்.

கடத்தலுக்குப் பயன்பட்ட படகைப் பறிமுதல் செய்ய 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் 115ஆம் பிரிவில் இடம் கொடுக்கிறது. எனக்குத் தெரியாது என்று உரிமையாளர் கைவிரித்தால் மட்டும் போதாது. தனக்கும், தன் முகவருக்கும், படகைப் பொறுப்பில் வைத்திருந்தவருக்கும் தெரியாமலே அது நடந்தது என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். பொறுப்பில் வைத்திருந்தவரே மூட்டையை ஏற்றியிருக்கும்போது அதை எப்படி நிரூபிப்பது? மாமா அந்த முத்திரைத்தாளையும் இரண்டு சாட்சிகளையும் கூட்டிக்கொண்டு தொழிலுக்குப் போகாமல் அலைந்து, கடைசியில் தன் தலையை மட்டும் மீட்டுக்கொண்டார். படகு போயிற்று. மீதிப் பணத்தைக் கேட்டபோது, “படகே இல்ல, பாக்கி எதுக்கு?” என்று பதில் வந்தது. விலையில் பாதியை இழந்ததைவிட, வீட்டுக்கு விசாரணை வந்ததை ஊரே பார்த்தது என்பதுதான் அவருக்குப் பெரிய வருத்தம். அந்தத் தரகரோ முன்பணம் கைமாறிய அன்றைக்கே தன் கூலியை முழுதாக வாங்கிக்கொண்டு போயிருந்தார்.

கடத்தல் எல்லோருக்கும் நேர்வதில்லை என்று சொல்லலாம், சொல்கிறார்கள். ஆனால் வாங்கியவர் யோக்கியராகவே இருந்து, மீனைத் தேடிப்போன இடத்தில் 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த கடல் எல்லையைத் தாண்டிவிட்டாலும் நிலைமை இதுதான். இலங்கைக் கடற்படை பிடித்த படகை மீட்பதற்கு, பதிவில் உள்ள உரிமையாளர் ஆவணங்களோடு அந்நாட்டு நீதிமன்றத்தில் ஆஜராக வேண்டும் என்று உத்தரவிடப்படுவது வழக்கம். விற்றுவிட்ட படகுக்காக நீங்கள் கப்பலேறிப் போவீர்களா? எல்லைப் பக்கமே போகாத படகுக்கும் மீன்வளத்துறையின் வருடாந்தர நேரடி ஆய்வு உண்டு. அன்றைக்குப் படகைக் காட்டாவிட்டால் எரிபொருள் மானியம் நிறுத்தப்படலாம், பதிவே ரத்தாகலாம். அடுத்து ஒரு படகு வாங்கி உங்கள் பெயரில் பதியப் போகும்போது, பழைய படகு எங்கே என்ற கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆகவே தரகரிடம் முதல் நாளே ஒரு நிபந்தனையைச் சொல்லிவிடுங்கள். முழுப் பணமும் வந்து, பெயர் மாற்றத்துக்கான விண்ணப்பத்தை மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் இருவரும் சேர்ந்து கொடுத்து, அது ஏற்கப்பட்டதை இணையதளத்தில் கண்ணால் பார்த்த பிறகே படகு கரையைவிட்டு நகரும். அதுவரை படகு, அலையைத் தடுக்கக் கல் போட்டுக் கட்டிய உங்கள் ஊர்த் தூண்டில் வளைவுக்குள்ளேயே கிடக்கட்டும்; எஞ்சின் உங்கள் வீட்டில் இருக்கட்டும். மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை, ஆதார், அடையாள அட்டை ஆகியவற்றை வாங்குகிறவரிடமிருந்து பெற்றுச் சரிபார்ப்பது தரகரின் வேலை. தரகுக் கூலியில் பாதியை முன்பணம் வாங்கும் நாளிலும், மறுபாதியைப் பெயர் மாறிய பிறகும் கொடுங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாத தரகர் ஆளைக் காட்டிவிட்டுப் போகிறவரே தவிர, விற்றுக்கொடுக்கிறவர் அல்லர். தொழிலில் இருக்கும் மற்றவர்கள் இதைப் படித்தால் என்மேல் கோபப்படுவார்கள், படட்டும்.

மேலைநாடுகளில் பணக்காரர்களின் உல்லாசப் படகுகள் விற்கப்படும் முறையைத் தெரிந்துகொண்டபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. அங்கே வழக்கமாக விலையில் 10 சதவீதத்தை வாங்குகிறவர் முன்பணமாகக் கட்டுகிறார். அந்தப் பணம் விற்கிறவர் கைக்கு உடனே போகாமல் தரகரின் தனிக் கணக்கில் கிடக்கிறது. படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி நிபுணர் ஒருவர் சோதித்து, கடலில் ஓட்டிப் பார்த்து, ஆவணங்களும் சரியான பிறகுதான் பணமும் படகும் கைமாறுகின்றன. நம் கரையில் தனிக் கணக்குக்கு வழியில்லை என்றாலும், இரு தரப்புக்கும் பொதுவான ஒரு பெரியவரிடமோ ஊர்க் கமிட்டியிலோ முன்பணத்தை வைக்க எந்தத் தடையும் இல்லை.

ஏலக்காரரின் கடனைச் சொல்லாமல் விடுவது

கடற்கரையில் படகுக் கடன் பெரும்பாலும் வங்கியில் இருப்பதில்லை. மீனை ஏலம் விடுகிறவரிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். அது தீரும் வரை பிடிக்கும் மீன் அவர் மூலமாகத்தான் விற்கப்பட வேண்டும் என்பது பேச்சு. இந்தக் கடன் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது, ஆனால் ஊருக்கே தெரியும். தரகரிடம் மட்டும் சொல்லாமல் மறைப்பார்கள். வாங்குகிறவர் பணத்தோடு வந்து நிற்கும் நாளில் ஏலக்காரரும் வந்து நிற்பார். அதற்குப் பிறகு பேசிய விலை நிலைக்காது. கடன் எவ்வளவு என்பதைத் தரகரிடம் முதலில் சொல்லிவிட்டால், வாங்குகிறவர் தரும் பணத்திலிருந்தே அதை நேராக அடைத்து, அடைத்ததற்கு ஒரு சீட்டும் எழுதி வாங்கிவிடலாம். தொழிலாளிகளுக்கு நீங்கள் கொடுத்திருக்கும் முன்பணத்துக்கும் இதே கதிதான்: படகோடு ஆட்களும் வருகிறார்கள் என்று வாங்குகிறவர் நினைத்துக்கொண்டிருப்பார்.

‘என் கைக்கு இவ்வளவு வந்தால் போதும்’ என்பது

நிலத் தரகில் பழகிய பேச்சு இது. கைக்கு மூன்று லட்சம் வந்தால் போதும், மேலே வருவதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்த நிமிடத்திலிருந்து வாங்குகிறவரை உங்கள் கண்ணில் காட்டாமல் வைத்திருப்பதுதான் தரகருக்கு லாபம். உண்மையான விலை உங்களுக்குத் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. நாளைக்கு எஞ்சினில் ஒரு குறை வந்தால், நான்கு லட்சம் கொடுத்தேனே என்று அவர் உங்கள் வீட்டு முன்னால் சத்தம் போடும்போதுதான் இருவருக்கும் தெரியவரும். கூலி சதவீதமா, ஒரே தொகையா, அதை விற்கிறவர் மட்டும் கொடுப்பதா, இருவருமா என்பதை எழுதிவைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.

ஒரே படகை நாலு தரகரிடம் சொல்வது

நாலு பேரும் நாலு விலை சொல்வார்கள். வாங்குகிறவர் அதில் குறைந்ததைப் பிடித்துக்கொள்வார்.

கச்சான் காலத்தில் அவசரமாக விற்பது

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் கச்சான் என்னும் மேல்காற்று இறங்கி, ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளெல்லாம் சுழன்றுகொண்டிருக்கும் மாதங்களில் கடலுக்குப் போகாத நாள்களே அதிகம். கையில் காசில்லாமல் விற்க நினைப்பதும் அப்போதுதான், வாங்க ஆளில்லாமல் விலை விழுவதும் அப்போதுதான். நகையை அடகு வைத்தாவது காற்று தணியும் வரை பொறுக்க முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் எஞ்சினை மட்டும் விற்பதுகூட நல்லது. அதையும் மானியத்தில் வாங்கியிருந்தால், விற்பதற்கு என்ன நிபந்தனை என்று மானிய ஆணையைப் படித்துவிட்டு விலை பேசுங்கள்.

விற்பதற்கு முதல் வாரம் வர்ணம் அடிப்பது

புது வர்ணத்தைப் பார்த்ததும் விவரமுள்ள எவரும் எஞ்சின் மாட்டும் பின்பலகையைத்தான் முதலில் தட்டிப் பார்ப்பார். உள்ளேயிருக்கும் ஒட்டுப்பலகை ஊறிப்போயிருந்தால் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும்.

எஞ்சின் எண்ணைப் பார்க்காமல் விடுவது

இடையில் எஞ்சினை மாற்றியிருப்பீர்கள். சான்றிதழில் பழைய எண் இருக்கும். பெயர் மாற்ற விண்ணப்பம் இங்கேயே நின்றுவிடும். தரகரைக் கூப்பிடுவதற்கு முன்னால் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு எஞ்சினில் பொறித்திருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். உப்புப் பிடித்து எழுத்து மங்கியிருந்தால், நல்ல தண்ணீர் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, மதிய வெயிலில் பாருங்கள்.