லாரி, டிரக், செமி: ஆங்கிலத்தில் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க நெடுஞ்சாலையில் 'டிராக்டர் டிரெய்லர்' கவிழ்ந்தது என்று ஒரு செய்தி வந்தால், பாலக்கோட்டில் அதைப் படிப்பவர் மனத்தில் முதலில் வந்து நிற்பது கரும்புக் கட்டுகளுடன் சர்க்கரை ஆலை வாசலில் வரிசையில் காத்திருக்கும் உழவு டிராக்டர்தான். அங்கே கவிழ்ந்திருப்பதோ, தொப்பூர் கணவாயில் இரவு பகலாக இறங்கிக்கொண்டிருக்கும் கன்டெய்னர் லாரிகளைப் போன்ற ஒரு வண்டி. தன்மேல் சரக்கு ஏற்றாமல் பின்னால் உள்ளதை இழுக்கும் முன்பகுதிக்கு அமெரிக்கர்கள் டிராக்டர் என்கிறார்கள். நமது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் கிட்டத்தட்ட அதே பொருளில்தான் அச்சொல்லை வரையறுக்கிறது. ஆனால் வயலைத் தவிர வேறெங்கும் அச்சொல்லை நாம் கேட்டுப் பழகவில்லை என்பதால், மொழிபெயர்ப்பவர் தயங்காமல் 'டிராக்டர்' என்றே எழுதிவிடுகிறார், படிப்பவரும் தயங்காமல் ஏர் உழும் வண்டியைக் கற்பனை செய்துகொள்கிறார்.

கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு, கிரானைட்டும் மாங்கூழும் ஏற்றுமதி செய்பவர்களுக்கும், வெளிநாட்டில் ஓட்டுநர் வேலைக்கு விண்ணப்பிப்பவர்களுக்கும் ஆங்கிலக் கடிதங்கள் எழுதித் தருவது என் தொழில். பெரிய வண்டிகளைப் பற்றிய சொற்களில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் பிறக்கின்றன என்பதை இதில்தான் கண்டுகொண்டேன். லாரி, டிரக், செமி, ஆர்ட்டிக், எச்.ஜி.வி., பதினெட்டுச் சக்கர வண்டி ஆகியவை எல்லாம் ஒரே பொருளைக் குறிக்கும் பல பெயர்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் ஒரு சொல் எடையை அளக்கிறது, இன்னொன்று வண்டியின் நடுவே உள்ள இணைப்பைச் சொல்கிறது, வேறொன்று சக்கரத்தை எண்ணுகிறது. ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தால் சொல் மட்டும் மாறுவதில்லை, வண்டியே மாறிவிடுகிறது.

'லாரி என்பது பழைய ஆங்கிலம், டிரக் என்பதே இன்றைய ஆங்கிலம்' என்ற எண்ணத்தை முதலில் கைவிட வேண்டும். பிரிட்டன், அயர்லாந்து, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் லாரி என்ற சொல் இன்றும் அன்றாட வழக்கில் உயிரோடு இருக்கிறது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா ஆகியவற்றில் டிரக்தான் வழக்கு. இந்தியாவுக்குள்ளேயே வடக்கே போகப்போக டிரக் என்பது கூடுகிறது. எனவே பர்மிங்காமில் இருப்பவருக்கு எழுதும் கடிதத்தில் லாரி என்று எழுதக் கூச்சப்பட வேண்டியதில்லை. டெக்சாஸில் இருப்பவருக்கு எழுதினால் அவருக்குப் புரியும், ஆனால் ஏதோ பழைய ஆங்கிலப் படத்தில் வரும் சொல்லாகப் படும்.

இதைவிடப் பெரிய பிழை, அமெரிக்கரின் 'டிரக்' எங்கே வந்தாலும் அதை லாரி என்று தமிழாக்குவது. அங்கே ஒருவர் 'என் டிரக்கில் வந்தேன்' என்றால் பெரும்பாலும் அவர் ஃபோர்டு எஃப்-150 போன்ற ஒரு பிக்கப்பில் வந்திருப்பார். பின்புறம் திறந்த தொட்டியும், முன்னால் நான்கைந்து பேர் உட்கார இடமும் உள்ள அந்த வண்டியில் அவர் பிள்ளைகளைப் பள்ளிக்கும் அழைத்துப் போவார். அதையே ஆஸ்திரேலியர் 'யூட்' என்றும் தென்னாப்பிரிக்கர் 'பக்கி' என்றும் சொல்வர். செய்தியில் டிரக் என்று வந்தால், அது எவ்வளவு பெரியது என்பதற்கு வேறு குறிப்பு ஏதேனும் உள்ளதா என்று பார்த்த பிறகே தமிழில் லாரி என்று எழுதலாம். ரயில் சார்ந்த எழுத்தில் நிலைமை இன்னும் மோசம்: பிரிட்டனில் டிரக் என்றால் திறந்த சரக்கு வேகன், அமெரிக்க ரயில்வேயில் டிரக் என்றால் பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் அமைப்பு. அந்த அமைப்பின் பிரிட்டிஷ் பெயர் போகி. நாமோ முழுப் பெட்டியையே போகி என்று சொல்லிப் பழகிவிட்டோம். அதை இனித் திருத்த முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்தது, நம் ஊரில் பொதுப்பெயராகிவிட்ட வண்டிப் பெயர்களை அப்படியே ஆங்கிலத்தில் எழுதுவது. ஓசூரில் ஆலை வைத்திருக்கும் அசோக் லேலண்ட் நிறுவனத்தின் ஒரு வகை வண்டிக்கு வைத்த பெயர் டாரஸ். இன்று எந்த நிறுவனத்தின் பல அச்சு (ஆக்சில்) லாரியானாலும் நமக்கு அது டாரஸ்தான். கிரானைட் வெட்டியெடுக்கும் ஒருவருக்காக நான் முதன்முதலில் எழுதிய கடிதங்களில் ஒன்றில், அவர் சொன்னபடியே 'இரண்டு டாரஸ் லோடு கல் துறைமுகத்துக்குப் புறப்பட்டுவிட்டது' என்று எழுதி அமெரிக்காவுக்கு அனுப்பினேன். கருங்கல்லைக் காரில் எப்படி ஏற்றினீர்கள் என்று பதில் வந்தது. அந்நாட்டில் டாரஸ் என்பது 1985 இறுதியில் விற்பனைக்கு வந்த ஃபோர்டு நிறுவனத்தின் குடும்பக் கார் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். டெம்போ என்பதும் இப்படித்தான். ஒரு ஜெர்மானிய வண்டியின் பெயராக வந்து நம்மிடம் பொதுச்சொல்லாகத் தங்கிவிட்டது, ஆங்கிலேயருக்கு அது இசையின் வேகம். ஐச்சர், சின்ன யானை ஆகியவற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

செமி என்ற சொல்லில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அதன் பொருள் 'அரை' என்பதால் அதைச் சிறிய லாரி என்று எடுத்துக்கொண்டவர்களை நான் கண்டிருக்கிறேன். சாலையோரத்தில் தனியாகக் கழற்றி நிறுத்தியிருக்கும் ஒரு டிரெய்லரைப் பாருங்கள்: அதன் பின்பக்கம் சக்கரங்கள் இருக்கும், முன்பக்கம் சக்கரமே இருக்காது, கீழே இறக்கிய இரண்டு இரும்புக் கால்களின் மேல் நின்றுகொண்டிருக்கும். இழுக்கும் வண்டியோடு மாட்டியதும் கால்கள் மேலே ஏறிவிடும். முன்பகுதியின் சுமை முழுவதும் இழுக்கும் வண்டியின் முதுகில் உள்ள வட்டத் தட்டில் போய் உட்காரும். தன் பாரத்தில் ஒரு பங்கை மட்டும் தானே சுமப்பதால் அது 'அரை' டிரெய்லர், அதாவது செமி டிரெய்லர். அமெரிக்கரும் ஆஸ்திரேலியரும் அதைச் சுருக்கி, முன்வண்டியும் பின்வண்டியும் சேர்ந்த முழு வாகனத்தையும் செமி என்கிறார்கள். அமெரிக்கர் பலர் அதைச் 'செமை' என்று உச்சரிப்பதால், கேட்கும் தமிழருக்கு அது பாராட்டுப்போல ஒலிக்கும்.

இதே சொல்லைப் பிரிட்டனுக்கு எழுதும் கடிதத்தில் தனியாக விட்டுவிடக் கூடாது. அங்கே 'செமி வாங்கினேன்' என்றால், பக்கத்து வீட்டோடு ஒரு சுவரைப் பங்கிட்டுக்கொள்ளும் வீடு வாங்கினேன் என்று பொருள். வண்டிக்கு அவர்கள் சொல்வது ஆர்ட்டிகுலேட்டட் லாரி, சுருக்கமாக ஆர்ட்டிக். இதை வடதுருவப் பகுதியின் பெயரோடு குழப்பி ஒரு எழுத்தைக் கூட்டி எழுதுவது நம்மவர் மட்டும் செய்யும் பிழையன்று. இணைப்பு இல்லாமல் ஒரே சட்டகத்தின் (சேசிஸ்) மேல் கட்டிய லாரியைப் பிரிட்டனில் 'ரிஜிட்' என்றும் அமெரிக்காவில் 'ஸ்ட்ரெயிட் டிரக்' என்றும் சொல்வர். நம் டாரஸ் இந்த வகையைச் சேர்ந்தது. எத்தனை சக்கரம் இருந்தாலும் அது செமி ஆகாது.

சக்கரக் கணக்கில் நேரும் பிழையும் இங்கிருந்துதான் வருகிறது. கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் பத்துச் சக்கர லாரி, பன்னிரண்டு சக்கர லாரி, பதினாறு சக்கர லாரி என்று நாம் எண்ணுவதெல்லாம் பெரும்பாலும் ஒரே சட்டகத்தில் அமைந்த வண்டிகள். அமெரிக்கரின் பதினெட்டுச் சக்கர வண்டி என்பதோ ஒரு குறிப்பிட்ட அமைப்பின் பெயர்: திருப்பும் முன் அச்சில் இரண்டு, அதற்குப் பின்னுள்ள இரண்டு அச்சுகளில் நான்கு நான்காக எட்டு, டிரெய்லரின் இரண்டு அச்சுகளில் இன்னும் எட்டு. இரட்டை டயர்களுக்குப் பதிலாக அகலமான ஒற்றை டயர்களைப் பூட்டினால் அதே வண்டியில் பத்துச் சக்கரங்கள்தான் மிஞ்சும், அப்போதும் மக்கள் அதைப் பதினெட்டுச் சக்கர வண்டி என்றே அழைப்பார்கள். ஐரோப்பாவில் பரவலாக ஓடும் இணைப்பு லாரிக்கு ஐந்து அச்சு இருந்தும், டிரெய்லரில் ஒற்றை டயர்களே என்பதால் மொத்தம் பன்னிரண்டு சக்கரங்கள்தான். ஆகவே நம் பதினாறு சக்கர லாரியைவிட அமெரிக்க வண்டி இரண்டு சக்கரம்தான் பெரியது என்று ஒப்பிடுவதும், பிரிட்டிஷ் நிறுவனத்துக்குச் சக்கர எண்ணிக்கையைச் சொல்லி வண்டியை விளக்க முயல்வதும் வீண். அவர்களிடம் அச்சு எண்ணிக்கையைச் சொன்னால் போதும்.

ஓட்டுநர் வேலைக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு உண்மையாகவே இழப்பை ஏற்படுத்துவது எச்.ஜி.வி. என்ற சுருக்கம். கனரகச் சரக்கு வாகனம் என்ற அதன் பொருள் இங்கும் பிரிட்டனிலும் ஒன்றே, கோடு போட்ட இடம்தான் வேறு. நமது சட்டப்படி, சரக்கோடு சேர்ந்த மொத்த எடை 12,000 கிலோவைத் தாண்டினால்தான் அது கனரகச் சரக்கு வாகனம்; 7,500 கிலோ வரை இலகுரக வாகனம். இலகுரக உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. பிரிட்டனில் 3,500 கிலோவைத் தாண்டினாலே எச்.ஜி.வி.; அங்கே 3,500 முதல் 7,500 கிலோ வரை சி1 என்ற உரிமமும், அதற்கு மேல் சி உரிமமும், பெரிய டிரெய்லரை இழுக்க சி, ஈ சேர்ந்த உரிமமும் வேண்டும்.

காவேரிப்பட்டினத்தில் இருந்து வந்த ஒரு இளைஞர், ஒன்பது டன் மொத்த எடையுள்ள வண்டியை ஆறு ஆண்டுகள் ஓட்டியவர், 'கனரக வாகன அனுபவம் இல்லை' என்று தன் விவரக் குறிப்பில் நேர்மையாக எழுதிக்கொண்டு வந்திருந்தார். இந்தியக் கணக்கில் அது நடுத்தர வாகனம் என்பதால் அவர் எழுதியது சரி. விண்ணப்பம் போகும் பிரிட்டனின் கணக்கில் அவர் அத்தனை ஆண்டும் ஓட்டியது எச்.ஜி.வி. அந்த வரியை நீக்கிவிட்டு, 'மொத்த எடை 9,000 கிலோ, இரண்டு அச்சு, இணைப்பற்ற வண்டி' என்று எழுதினோம். எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு: இங்கே கனரக உரிமம் வைத்திருந்து பத்துச் சக்கர லாரி மட்டும் ஓட்டியவர், அமெரிக்க விண்ணப்பத்தில் 'ஏ' வகை உரிமத்துக்கு நேரான அனுபவம் என்று குறித்துவிடுகிறார். அந்த வகை 26,001 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 11.8 டன்னும் அதற்கு மேலும் உள்ள, டிரெய்லர் பூட்டிய சேர்க்கை வண்டிகளுக்கு உரியது. எல்.ஜி.வி. என்ற சுருக்கத்தை நான் யாருக்கும் எழுதித் தருவதே இல்லை. பிரிட்டனில் அது பெரிய சரக்கு வாகனம் என்றும் விரிகிறது, இலகுரகச் சரக்கு வாகனம் என்றும் விரிகிறது. இப்படி ஒரு சுருக்கத்தை வைத்துக்கொண்டு அவர்கள் எப்படிக் காலம் தள்ளுகிறார்கள் என்பது எனக்கு வியப்புதான்.

விளம்பரங்களைப் படிக்கும்போது வேறு சில சொற்கள் கண்ணில் படும். இழுக்கும் முன்வண்டி ஆஸ்திரேலியாவிலும் சிங்கப்பூரிலும் 'பிரைம் மூவர்', தென்னாப்பிரிக்காவில் 'ஹார்ஸ்'. அந்நாட்டு விளம்பரத்தில் குதிரை ஓட்டத் தெரிந்தவர் தேவை என்று கைப்பேசி மொழிபெயர்த்துக் காட்டினால் சிரித்துவிட்டுக் கடந்து போய்விடக் கூடாது, அது லாரி வேலைதான். கனடாவில் 'டிரான்ஸ்போர்ட்' என்பது பெரிய லாரியையே குறிக்கும், நமக்கு அது சரக்குப் பதிவு செய்யும் அலுவலகம். ஆஸ்திரேலியாவின் 'ரோடு டிரெயின்' தண்டவாளத்தில் ஓடுவதன்று; ஒரே முன்வண்டி பல டிரெய்லர்களை இழுத்துக்கொண்டு பொதுவாக 53.5 மீட்டர் நீளம் வரை சாலையில் போவது. பிரிட்டிஷ் எழுத்தில் வரும் 'ஜகர்நாட்' பூரி ஜெகந்நாதரின் தேரிலிருந்து போன சொல்; தெருவை அடைத்துக்கொண்டு வரும் பெரிய லாரியை வெறுப்போடு சொல்வது அது, ஆகவே வணிகக் கடிதத்தில் அதற்கு இடமில்லை. நாம் டிப்பர் என்பதை அமெரிக்கர் 'டம்ப் டிரக்' என்பர்.

கடைசியாக டன். அமெரிக்கரின் டன் 2,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 907 கிலோ. பிரிட்டனின் பழைய டன் 2,240 பவுண்டு, 1,016 கிலோ. நம்முடையது 1,000 கிலோ. லாரியில் 20 டன் கல் ஏற்றியதாக எழுதினால், அதை வாங்கும் அமெரிக்கர் 40,000 பவுண்டு என்று எடுத்துக்கொள்ளலாம். இறங்கும்போது எடைமேடை 44,000 பவுண்டுக்கு மேல் காட்டும். அவருடைய செமிக்கு, வண்டியும் சரக்கும் சேர்ந்து, மாநிலங்களுக்கிடையிலான நெடுஞ்சாலைகளில் பொதுவாக 80,000 பவுண்டுதான் எல்லை என்பதால், கூடுதலாக வந்த அந்த நாலாயிரம் பவுண்டு அவருக்குச் சின்ன விஷயமன்று. டாரஸ் கடிதத்துக்கு வந்த பதிலைப் பார்த்த பிறகு, அதே கிரானைட்காரருக்கு அடுத்த கடிதத்தை இப்படி எழுதிக் கொடுத்தேன்: 'நான்கு அச்சுள்ள, இணைப்பற்ற இரண்டு சரக்கு லாரிகளில் கல் துறைமுகத்துக்குப் புறப்பட்டுவிட்டது, ஒவ்வொன்றிலும் உள்ள கல்லின் எடை கிலோவிலும் பவுண்டிலும் கீழே தரப்பட்டுள்ளது.' டாரஸ் என்ற சொல்லை ஏன் எடுத்துவிட்டீர்கள், அதுதானே வண்டியின் பெயர் என்று அவர் கேட்டார்.