பின்பக்கம் துள்ளுகிறதா? ஸ்பிரிங்கை மாற்றும் முன்

மண் தடத்தில் ஓடும் ரேஸ் காரின் பின்பக்கம் துள்ளினால், எந்த இடத்தில் துள்ளுகிறது என்று முதலில் டிரைவரிடம் கேளுங்கள். திருப்பத்துக்கு முன் பிரேக் பிடிக்கும்போது என்றால், பின் பிரேக் அதிகமாகப் பிடிக்கிறதா, ஆக்சிலை (பின் சக்கரங்களை இணைக்கும் அச்சை) தாங்கும் கம்பிகளின் மூட்டுகள் இறுகியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது என்றால் என் முதல் சந்தேகம் ஷாக் அப்சார்பர்தான். கழற்றி, நிமிர்த்திப் பிடித்து, மெதுவாக அழுத்தி இழுங்கள். நடுவில் ஓரிடத்தில் தடையே இல்லாமல் வழுக்கினால் எண்ணெய் குறைந்து காற்று கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்புறம், ஷாக்கைத் திரும்ப மாட்டி, அதன் தண்டில் ஒரு பிளாஸ்டிக் டையை (ஒயர்களைக் கட்டும் பட்டையை) இறுக்கிக் கட்டிச் சில சுற்று ஓட்டச் சொல்லுங்கள். டை கடைசி வரை தள்ளப்பட்டிருந்தால் ஷாக் முழுதாக அமுங்கி முட்டுகிறது. நேர்ப்பாதையிலும் துள்ளினால் டயர் வட்டம் சரியாக இருக்கிறதா, காற்று குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.