பண்ணையாள் வரலாற்றை ஈட்டுக் கோரிக்கைக்கு உதவும் ஆய்வாக்குவது எப்படி?

காவிரிப் படுகையில் பண்ணையாட்களாக, அதாவது நில உடைமையாளருக்குக் கட்டுண்டு தலைமுறையாக உழைத்தவர்களாக, இருந்தவர்களின் வழித்தோன்றல்கள் அந்த உழைப்புக்கு ஈடு கோருவதற்கு உதவும் ஆய்வை அரசுப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் மேற்கொள்ள விரும்பினால், அடிமை முறை இங்கே இருந்ததா என்ற கேள்வியில் காலத்தைக் கழிக்க வேண்டியதில்லை. 1201இல் பஞ்சம் தாளாமல் ஒருவர் தம் இரு மகள்களோடு தம்மையும் திருப்பாம்புரம் கோயிலுக்கு 110 காசுக்கு விற்றுக்கொண்டதைக் கல்வெட்டே சொல்கிறது. கோரிக்கைக்கு வேண்டியது வேறு: யாருடைய உழைப்பு யாருடைய சொத்தாயிற்று, அந்தச் சொத்து இன்று யார் கையில் இருக்கிறது என்ற தொடர்ச்சியான சான்று.

இதற்கு லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் செய்ததைப் படித்துவிட்டுத் தொடங்குவது நல்லது. அடிமை முறையை ஒழித்த 1833ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிரிட்டன் 2 கோடி பவுண்டை அடிமைகளின் உடைமையாளர்களுக்கே வழங்கியது. அடிமைகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பணம் பெற்றவர்களின் மனுக்களைக் கொண்டே, அது எந்தக் குடும்பத்திற்கும் எந்தத் தொழிலுக்கும் போய்ச் சேர்ந்தது என்று அந்த ஆய்வாளர்கள் தேடிப் பதிந்தார்கள். கிளாஸ்கோ பல்கலைக்கழகம் தனக்கு வந்த நன்கொடைகளில் அடிமை உழைப்பால் சேர்ந்த பணம் எவ்வளவு என்று ஆராய்ந்து 2018இல் அறிக்கை வெளியிட்டு, மறு ஆண்டு மேற்கிந்தியத் தீவுகள் பல்கலைக்கழகத்தோடு 2 கோடி பவுண்டு மதிப்பிலான ஒப்பந்தம் செய்துகொண்டது.

நமக்கு அப்படிப்பட்ட ஆயத்தப் பட்டியல் கிடையாது. 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம், அடிமையின் மீதான உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாது என்றதே தவிர, யாருக்கும் தொகை வழங்கவில்லை. தொகை இல்லாததால் மனுவும் இல்லை. ஆகவே எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் வருவாய்த் துறைப் பதிவுகள், தஞ்சையில் உள்ள மோடி ஆவணங்கள் (மராத்தியை எழுதப் பயன்பட்ட பழைய எழுத்தில் உள்ளவை), கோயில் மற்றும் மடங்களின் கணக்குகள், பழைய மிராசுதார்களின், அதாவது நில உடைமையாளர்களின், வீட்டுப் பரணில் கிடக்கும் ஓலைகள், பேரேடுகள் என்று துண்டு துண்டாகச் சேர்க்க வேண்டியிருக்கும். மோடி எழுத்தைப் படிக்கத் தெரிந்தவரை முதலிலேயே கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பண்ணைப் பேரேடு கையில் கிடைத்தால் கூலிப் பக்கத்தைவிட, ஆளுக்குக் கொடுத்த கடனை எழுதும் பற்றுப் பக்கத்தை நிதானமாகப் பாருங்கள். கல்யாணச் செலவுக்கென்று கொடுத்த நெல்லும் ரொக்கமும் ஆள் பெயரில் எழுதப்பட்டு, அவர் மறைந்த பிறகு அதே பாக்கி மகன் பெயருக்கு மாறியிருந்தால், கட்டுண்ட உழைப்பு தலைமுறை தாண்டியதற்கு அந்த வரிதான் சாட்சி. வரியை அப்படியே படியெடுத்து, ஆண்டு, நெல்லின் அளவு, அவ்வாண்டின் நெல் விலை ஆகியவற்றை அருகிலேயே குறித்துவிட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மதிப்பிடுவது பெரும்பாடு.

வழித்தோன்றல்கள் வாழும் தெருவுக்குப் போய், உங்கள் முன்னோர் அடிமைகளா என்று கேட்பது மரியாதையும் அல்ல, பயனுள்ளதும் அல்ல. "தாத்தா, கூலி நெல்லை எந்த மரக்காலால அளந்தாங்க? ஒங்க அப்பா எந்தப் பண்ணையில நின்னாங்க?" என்று கேட்டால் ஊர், பண்ணை, உறவு மூன்றும் தாமாகவே வரும். சாணிப்பால் (சாணியைக் கரைத்துக் குடிக்க வைப்பது), சவுக்கடி ஆகிய தண்டனைகள் பற்றிய பேச்சை அவர்களே எடுக்கட்டும். ஒலிப்பதிவுக்கும் பெயரை வெளியிடுவதற்கும் தனித்தனியே ஒப்புதல் பெறுங்கள்.

அடுத்து, சட்டம் தந்ததும் கையில் வந்ததும் ஒன்றா என்று சரிபார்க்க வேண்டும். 1952ஆம் ஆண்டின் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், மிராசுதார் நிலத்தில் குடியிருந்தோருக்கு மனையை உரிமையாக்கிய 1971ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டமும் இங்கே முக்கியமானவை. என் கணிப்பில், இந்த மனைப் பட்டாக்களே கோரிக்கையின் வலுவான பகுதி. ஏனெனில் அவை நேற்றைய துயரத்தை மட்டுமன்றி, இன்றும் தீராமல் நிற்கும் கடமையையும் காட்டக்கூடியவை. ஊர்வாரியான பட்டாப் பதிவேட்டை வட்டாட்சியர் அலுவலகத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம்.

நிலமா, கல்வி நிதியா, ஊரறிந்த மன்னிப்பா என்பதை ஆய்வேடு தீர்மானிக்கக் கூடாது. அது குடும்பங்கள் கூடிப் பேச வேண்டிய விஷயம். அதற்கு வசதியாக, பல்கலைக்கழகத்தில் ஒப்படைப்பதற்கு முன்பே, அந்தந்தக் குடும்பத்தைப் பற்றிய பக்கங்களின் படியை அவர்கள் கையில் கொடுத்துப் பிழை திருத்தி வாங்குங்கள்.