ரூட்டிங் சிமுலேஷன்: ரேண்டம் டிராஃபிக் தரும் பொய்யான நிம்மதி

போன வாரம் தரமணியில் இரண்டு இறுதியாண்டு மாணவர்கள் 1024 நோடு ஹைப்பர்கியூப் சிமுலேஷன் ஒன்றைக் காட்டினார்கள். ஒவ்வொரு நோடும் ஒரு கணினி, முகவரியில் ஒரே ஒரு பிட் மாறும் நோடுகளுக்கு இடையில் மட்டும் லிங்க் இருக்கும். கிராஃப் அருமை. என்ன டிராஃபிக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "ரேண்டம்தான் சார்." பல வருஷத்துக்கு முன் நான் செய்த அதே தவறு. கோடிங்கில் வரும் சில்லறைப் பிழைகள் தாமாகவே வெளியே வந்துவிடும், இது வராது.

ரேண்டம் டிராஃபிக்கை மட்டும் ஓட்டிப் பார்ப்பது

ஒவ்வொரு நோடும் ஏதோ ஒரு நோடுக்கு அனுப்பினால் சுமை தானாகப் பரவிவிடும், எந்த ரூட்டிங்கும், அதாவது பாதை தேர்வு முறையும், நன்றாகத்தான் தெரியும். ஆனால் நிஜ புரோகிராம் அப்படி அனுப்பாது. மேட்ரிக்ஸ் டிரான்ஸ்போஸை, அதாவது நிரையை நிரலாக்குவதை, எடுத்துக்கொள்ளுங்கள்: 10 பிட் முகவரியில் முதல் ஐந்தும் கடைசி ஐந்தும் இடம் மாற வேண்டும். கடைசி பிட்டிலிருந்து வரிசையாகத் திருத்திக்கொண்டு போகும் ஈ-கியூப் ரூட்டிங்கில், நகர வேண்டிய 992 மெசேஜ்களும் இரண்டு பாதியும் ஒன்றாக உள்ள வெறும் 32 நோடுகள் வழியாகத்தான் போயாக வேண்டும், தாம்பரத்துக்காரர், பூந்தமல்லிக்காரர் எல்லாரும் கத்திப்பாராவைத் தொட்டுத்தான் போவேன் என்று நிற்பது போல. இதில் மோசம் என்னவென்றால், சராசரி ஹாப் (மெசேஜ் தாண்டும் லிங்க்) எண்ணிக்கை ரேண்டமிலும் இதிலும் ஏறக்குறைய ஐந்துதான், அதை மட்டும் பார்க்கிறவருக்கு எதுவுமே தெரியாது.

நான் பஃபர் (மெசேஜ்கள் காத்திருக்கும் இடம்) சிறியது என்று நினைத்து மூன்று வாரம் அதைப் பெரிதாக்கிக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஒவ்வொரு லிங்க்கிலும் எத்தனை மெசேஜ் போனது என்று அச்சிட்டுப் பார்த்தேன். நோடு 0-க்குள் வரும், கடைசியிலிருந்து ஐந்தாவது பிட் லிங்க்கில் 16. நோடு 1-இன் அதே லிங்க்கில் 0. பஃபரை எவ்வளவு பெருக்கினாலும் அந்த 16-ம் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும். 4096 நோடு என்றால் அது 32 ஆகிவிடும்.

மருந்து 1980களின் தொடக்கத்திலேயே கணினி விஞ்ஞானி லெஸ்லி வேலியண்ட் சொன்னதுதான்: மெசேஜை முதலில் ரேண்டமாக ஒரு நோடுக்கு அனுப்பு, அப்புறம் அங்கிருந்து போக வேண்டிய இடத்துக்கு. தூரம் சராசரியாக இரண்டு மடங்கு ஆகும், சரி, ஆனால் நெரிசல் கலைந்துவிடும். அதற்காக எல்லா டிராஃபிக்குக்கும் இதையே போடாதீர்கள், பக்கத்து நோடுக்குப் போகிற மெசேஜ் வீணாக ஊர் சுற்றும்.

டோரஸில் விர்ச்சுவல் சேனல் இல்லாமல் வார்ம்ஹோல்

டோரஸ் என்பது ஓரங்கள் வளையமாக இணைந்த கட்டம், வார்ம்ஹோல் என்பது மெசேஜ் துண்டுதுண்டாகப் பல லிங்க்குகளைப் பிடித்தபடி நகர்வது. அந்த வளையத்தில் மெசேஜ்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு டெட்லாக் ஆகும், எதுவும் நகராது. ஒவ்வொரு லிங்க்குக்கும் இரண்டு விர்ச்சுவல் சேனல், அதாவது தனித்தனி பஃபர், வையுங்கள்.

வார்ம்-அப் சைக்கிள்களையும் சராசரியில் சேர்ப்பது

சேர்க்காதீர்கள். ஓட்டம் தொடங்கும் அந்தச் சைக்கிள்களில் நெட்வொர்க் காலியாக இருக்கும், அப்போது எல்லாமே வேகம்தான்.